முப்பது கழிஞ்சாப் பிறகு திரும்பக் கம்பஸ் போய் உதைபந்தாட்ட பிஸ்னஸ் படிக்கிறது எப்பிடி

முதல்லயே சொல்லிப்போடுறன், பந்தில விருப்பம் எண்ட ஒரே காரணத்துக்காக இதைப் படிக்கப் போகாதேங்கோ. பந்தில விருப்பமில்லாத ஆள் யாழ்ப்பாணத்தில ஆர், பாசையூர், குருநகர், நாவாந்துறை, இளவாலை எண்டு எந்தப் பக்கம் போனாலும் பின்னேரம் அஞ்சு மணிக்கு ஒரு பந்து உருண்டுகொண்டுதான் இருக்கும். இந்தப் படிப்பில பந்து வாறது குறைவு, கணக்கு வாறதுதான் கூட. கணக்கு, ஒப்பந்தம், சட்டம், பேந்து ஆக்களைச் சமாளிக்கிறது, அவ்வளவுதான். நான் லீசிங் கொம்பனி ஒண்டில பத்து வருசம் ஃபைல் தூக்கிப்போட்டு 34 வயசில திரும்பப் படிக்க வெளிக்கிட்டனான். அம்மா கேட்ட முதல் கேள்வி "இந்த வயசில பந்தடிக்கப் படிக்கப் போறியோ?" மனுசி ஒண்டுமே கேக்கேல்லை, எனக்கு அதுதான் கூடப் பயமா இருந்தது.

அப்ப எங்க தொடங்கிறது? அப்ளிகேசன், இங்கிலிஸ் சோதினை எல்லாம் பிறகு. முதல் உங்கட ஊர்க் கழகத்துக்குப் போய்ப் பொருளாளரிட்டக் கணக்குக் கொப்பியை வாங்குங்கோ. தந்தால் நல்லம், தராட்டில் அதுவும் ஒரு பாடம்தான், ஏன் தரேல்லை எண்டு யோசிச்சாலே பாதிப் படிப்பு முடிஞ்சுது.

எனக்குக் கிடைச்சது 120 பக்க சீ.ஆர் கொப்பி, மேல பிள்ளையார் சுழி, அட்டைக்கு உள்பக்கம் ஆரோ சின்னப்பிள்ளை கீறின யானை. உள்ளுக்க மூண்டு வருசத்துச் சுற்றுப்போட்டிக் கணக்கு, எல்லாம் அணிக்கு 7 பேர் கொண்ட மின்னொளிச் சுற்றுப்போட்டிதான். வரவுப் பக்கத்தில அணிகளின்ர நுழைவுக் கட்டணம், கடைக்காரற்ற விளம்பரம், அதுக்குக் கீழ "கனடா மாமா" எண்டு மட்டும் ஒரு வரி. செலவுப் பக்கத்தில ஜெனரேற்றர் வாடகை, டீசல், லைற், ஒலிபெருக்கி, நடுவர், கிண்ணம், கோடு போடச் சுண்ணாம்பு, சோடா. கடைசி வரியில "ஏனையவை – 41,350". ஜெனரேற்றரை விட ஏனையவை கூட! ரெண்டு கிழமை ஒவ்வொருத்தரா மறிச்சுக் கேட்டு அதைப் பிரிச்சன், 18,000 மூண்டு பந்துக்கு, 9,500 இறுதியாட்டத்துக்கு வந்த விருந்தினரின்ர மாலைக்கும் பொன்னாடைக்கும், மிச்சம் 13,850 முழுக்கக் கொத்துரொட்டி. ஒருத்தரும் களவெடுக்கேல்லை, ஆனால் ஒருத்தருக்கும் தெரியவும் இல்லை.

இந்த வேலை உங்களுக்குப் பம்பலா இருந்துதெண்டால் தாராளமாப் படியுங்கோ. ரெண்டாம் நாளே அலுத்துப்போச்செண்டால் உங்களுக்கு ஆட்டம் பாக்கிறதுதான் விருப்பம், அதுக்கு லட்சக்கணக்கில ஃபீஸ் கட்டத் தேவையில்லை, துரையப்பா மைதானத்துக்கு ஒரு ஓட்டோவில போனாக் காணும்.

கொப்பியை வச்சுக்கொண்டு அடுத்ததாச் செய்யவேண்டியது, ஒரு பெரிய கழகத்தின்ர கணக்கைப் பக்கத்தில வச்சுப் பாக்கிறது. இது சதம் செலவில்லாத வேலை. இங்கிலாந்தின்ர பெரிய கழகங்கள் எல்லாம் அங்கத்தைக் கொம்பனிப் பதிவகத்தில வருசக் கணக்குப் போடோணும், கொம்பனிஸ் ஹவுஸ் எண்ட வெப்சைட்டில ஆரும் சும்மா இறக்கலாம். மன்செஸ்ரர் யுனைற்றெட் நியூயோர்க் பங்குச் சந்தையிலயும் இருக்கிறபடியா அதின்ர அறிக்கை இன்னும் விவரமா இருக்கும். 2024-25இல அவையின்ர வருமானம் 666.5 மில்லியன் பவுண்ஸ். அதில வர்த்தகம், அதாவது ஸ்பொன்சரும் ஜேர்சி விக்கிறதும், 333.3. ரீவி உரிமை 172.9. ஆட்ட நாள் வருமானம், ரிக்கெற் மாதிரிச் சாமான்கள், 160.3. உலகத்தில எந்தக் கழகத்தை எடுத்தாலும் இந்த மூண்டு வாய்க்காலுக்குள்ளதான் தண்ணி வரும், ஆட்டக்காரரை வேற கழகத்துக்கு விக்கிற காசு வேற கணக்கு.

இப்ப எங்கட கொப்பியைத் திருப்பிப் பாருங்கோ. ரிக்கெற் இல்லை, ரீவி இல்லை, ஃபேஸ்புக் லைவ் போடுறது வெளிநாட்டில இருக்கிற ஆக்கள் பாக்கவெண்டு, அதுக்கும் காசில்லை. நான் கணக்குப் பாத்த வருசம் வரவில பாதிக்கு மேல கனடா மாமா. அந்தாள் "இந்த முறை ஏலாது தம்பி" எண்டு வட்ஸ்அப்பில ஒரு வொய்ஸ் போட்டால் சுற்றுப்போட்டியே இல்லை. அதுக்கு மேல அவர் அனுப்பின ஜேர்சி கொப்பியில எங்கயும் ஏறேல்லை, அதால எங்கட பொடியளுக்கு ஜேர்சி எண்டால் வானத்தில இருந்து விழுற சாமான். ஒரு ஆளின்ர பொக்கற்றை நம்பி ஓடுற கழகம் எங்கட ஊரில மட்டும் இருக்கெண்டு நினைக்காதேங்கோ, 1885இல தொடங்கின பரி எண்ட இங்கிலாந்துக் கழகத்தை 2019 ஓகஸ்ட்டில லீக்கை விட்டே தூக்கினவை, கழகத்தைக் கொண்டு நடத்தக் காசிருக்கெண்டு உரிமையாளரால காட்ட ஏலாமல் போனதுதான் காரணம். எங்கட கொப்பியையும் பெரிய கழகத்தின்ர கணக்கையும் பக்கத்தில பக்கத்தில வச்சு நாலு பக்கம் எழுதிப்பாருங்கோ. நான் அப்பிடி எழுதினதுதான் பிறகு என்ர அப்ளிகேசனில போன கட்டுரை, "சின்ன வயசில இருந்தே எனக்கு உதைபந்தாட்டம் உயிர்" எண்டு எழுதுறதை விட ஆயிரம் மடங்கு எடுபடும், ஏனெண்டால் மற்ற எல்லாரும் அந்த உயிரைத்தான் எழுதுவினம்.

சரி, உள்ளுக்க என்ன படிப்பிப்பினம்? ஏ.எல்லில வர்த்தகப் பிரிவு செய்த ஆக்களுக்கு இதில பாதி பழைய ஆக்கள்தான், உடுப்பு மட்டும் புதுசு. தேய்மானம் ஞாபகம் இருக்கோ? லொறியை வாங்கி அஞ்சு வருசத்துக்குப் பிரிச்சு எழுதுவமே, அதேதான் ஆட்டக்காரருக்கும். 2023 ஜனவரியில செல்சி எண்ட இங்கிலாந்துக் கழகம் என்ஸோ ஃபெர்னாண்டசை 106.8 மில்லியன் பவுண்சுக்கு வாங்கி எட்டரை வருச ஒப்பந்தம் குடுத்தது. பிரிச்சுப் பாத்தால் வருசத்துக்கு 12.6 மில்லியன் அளவுதான் செலவாக் கணக்கில ஏறும். அஞ்சு வருசமெண்டால் 21 மில்லியனைத் தாண்டும். இந்த ஓட்டையைக் கண்டுபோட்டுத்தான் ஐரோப்பிய உதைபந்தாட்டச் சம்மேளனம் 2023 நடுப்பகுதியில இனி அஞ்சு வருசத்துக்கு மேல பிரிக்கேலாது எண்டு சட்டம் போட்டது. செல்சியின்ர கணக்காளர் மூளைசாலி எண்டு எனக்கு இப்பவும் ஒரு மரியாதை இருக்கு, நல்லதோ கெட்டதோ எண்டது வேற கதை.

அதோட நட்டத்துக்கும் எல்லை இருக்கெண்டு படிப்பிப்பினம். பிறீமியர் லீக்கில மூண்டு வருசத்துக்கு 105 மில்லியன் பவுண்ஸ் எண்ட வரம்பைத் தாண்டினதுக்கு எவர்ட்டன் கழகத்துக்கு 2023 நவம்பரில 10 புள்ளி வெட்டினவை, மேன்முறையீட்டில 6 ஆக்கினவை. கணக்குப் புத்தகத்தால புள்ளிப் பட்டியல் மாறுறது இதுதான். சட்டப் பக்கத்தில 1995இல வந்த பொஸ்மன் தீர்ப்பு, ஒப்பந்தம் முடிஞ்ச ஆட்டக்காரர் மாற்றுக் காசில்லாமலே அடுத்த கழகத்துக்குப் போகலாம் எண்டது, அதை விளங்காமல் இண்டைய சம்பளங்களை விளங்கேலாது. நிர்வாகப் பாடத்துக்கு வெளிநாட்டுக்குப் போய் உதாரணம் தேடத் தேவையில்லை, 2023 ஜனவரியில இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை வெளித் தலையீடு எண்டு சொல்லி உலகச் சம்மேளனமான பீபா தடை செய்து ஓகஸ்ட்டிலதான் எடுத்தது. அந்த ஏழு மாதமும் தேசிய அணிப் பொடியள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தவை. லெக்சரர் "உங்கட நாட்டு உதாரணம் ஒண்டு" எண்டு கேட்டால் இதைத் தூக்கிப் போடலாம், நான் போட்டனான்.

இனி எங்க படிக்கிறது. இதிலதான் கன பேர் கவிழுறவை, நானும் கொஞ்சம் கவிழ்ந்தனான்.

முதல் டிகிரி இல்லாத ஆக்கள் நேர மாஸ்ரர்ஸுக்குப் பாயாதேங்கோ. திறந்த பல்கலைக்கழகத்தின்ர பிராந்திய நிலையம் கொக்குவிலில இருக்கு, வேலையை விடாமல் முகாமைத்துவப் பக்கம் தொடங்கலாம். விளையாட்டு எண்ட பேர் டிகிரியில வேணுமெண்டால் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில விளையாட்டு விஞ்ஞானத்தையும் முகாமைத்துவத்தையும் சேர்த்துப் படிப்பிக்கினம், ஆனால் அது பெலிகுல்லோயாவில, ஏ.எல் புள்ளியோட போற பிள்ளைகளுக்குச் சரி, ரெண்டு பிள்ளையோட இருக்கிற ஆளுக்குச் சரிவராது. முதல் டிகிரி இருக்கிற ஆக்கள் எங்கட திருநெல்வேலியில இருக்கிற யாழ்ப்பாணப் பல்கலைக்கழக முகாமைத்துவ பீடம் மாதிரி இடங்களில எம்பிஏ செய்து ஆய்வுத் தலைப்பை உதைபந்தாட்டமா எடுக்கலாம். நான் செய்ததும் இந்த மாதிரித்தான், வார இறுதி வகுப்பு, ஆய்வு ஊர்க் கழகங்களின்ர வருமானம். பேர்ல உதைபந்தாட்டம் இல்லையே எண்டு கவலைப்படாதேங்கோ, ஆய்வில இருந்தாக் காணும். சேர முதல் ஒண்டு மட்டும் பாருங்கோ, இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில அந்தப் படிப்பு எத்தினையாம் மட்டம் எண்டு. பாடங்களால முடியிற மாஸ்ரர்ஸ் 9, ஆய்வோட முடியிறது 10. "மாஸ்ரர்ஸ் மாதிரித்தான்" எண்டு வாயால சொல்லிக் காசு வாங்கிற இடங்கள் கொழும்பில மட்டுமில்லை.

வெளிநாடெண்டால் பழைய பேர் லிவர்பூல் பல்கலைக்கழகம், உதைபந்தாட்டத் துறைக்கெண்டே எம்பிஏ 1997இல தொடங்கினவை. பீபா மாஸ்ரர் எண்டு ஒண்டு இருக்கு, 2000இல தொடங்கினது, லெஸ்ரர், மிலான், நூஷத்தேல் எண்டு மூண்டு நாட்டில மூண்டு பல்கலைக்கழகம், வருசத்துக்கு முப்பது பேர் அளவிலதான் எடுப்பினம், உலகம் முழுக்கப் போடுற அப்ளிகேசனுக்குள்ள அந்த முப்பதுக்குள்ள வாறது லேசில்லை எண்டாலும் போட்டுப் பாக்கிறதில பிழையில்லை. யூசிஎஃப்பி எண்டது 2011இல பேர்ன்லி எண்ட இங்கிலாந்துக் கழகத்தின்ர மைதானத்துக்குள்ளயே தொடங்கின படிப்பகம். பார்சலோனாவில குரைஃப் நிறுவனம் ஒன்லைனிலயும் தருது, குடும்பத்தை விட்டுப் போகேலாத ஆக்கள் அதைத்தான் முதல் பாக்கோணும். என்ர சொந்த அபிப்பிராயம், ஒன்லைன் எண்டால் பாடம் கிடைக்கும், ஆக்கள் கிடைக்கமாட்டினம், இந்தத் துறையில பாதி வேலை ஆக்களாலதான் வருது. அதுக்காக வீட்டை அடகு வச்சுப் போங்கோ எண்டு நான் சொல்லமாட்டன்.

ஏஜென்சிக் கதையைச் சொல்லாட்டில் எனக்கு நித்திரை வராது. நானும் ஒருக்கா வெளிநாட்டுக்கு முயற்சி செய்து பாத்தனான். ரவுணில ஒரு இடம், பேர் வேண்டாம், "ஃபைல் ஓப்பின்" பண்ண 60,000 வாங்கிச்சினம். படிச்சு முடிச்ச கையோட கழகத்தில வேலை எண்டு வேற சொல்லிச்சினம். ஒரு மாதம் சத்தமில்லை. பிறகு நானே ஒரு ராத்திரி இருந்து பல்கலைக்கழகத்துக்கு நேரடியா ஈமெயில் போட்டன், ரெண்டு நாளில பதில், நேர அப்ளை பண்ணலாம், இடையில ஒருத்தரும் தேவையில்லை. 60,000 போனது போனதுதான். எந்தப் பல்கலைக்கழகம் எண்டாலும் முதல் ஈமெயில் நீங்களே போடுங்கோ, அதுக்குப் பிறகு ஏஜென்சி தேவையோ எண்டு யோசிக்கலாம்.

காசும் விசாவும். இங்கிலாந்து மாணவர் விசாவுக்கு முதல் வருச ஃபீஸில மிச்சமும் ஒன்பது மாதம் வரைக்குமான சீவியச் செலவும் கணக்கில தொடர்ந்து 28 நாள் இருக்கோணும். தொடர்ந்து எண்டால் தொடர்ந்துதான், 27ஆம் நாள் சித்தப்பாவுக்கு அவசரமெண்டு கொஞ்சம் எடுத்துக் குடுத்தால் திரும்ப ஒண்டில இருந்து எண்ணோணும். 2024 ஜனவரியில இருந்து பாடமாப் படிக்கிற மாஸ்ரர்ஸ்காரர் மனுசி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகேலாது, இதை வீட்டில முதலே கதைச்சுப்போடுங்கோ, ஓஃபர் லெட்டர் வந்தாப் பிறகு கதைச்சால் சண்டைதான். படிக்கேக்க கிழமைக்கு 20 மணித்தியாலம் வேலை செய்யலாம், ஆனால் எங்கட ஆக்களுக்குத் தெரியாத ஒரு விசயம், அந்த விசாவில சம்பளத்துக்குப் பந்தடிக்கவோ கோச் வேலை செய்யவோ ஏலாது. "அங்க போய்ச் சின்னக் கழகத்தில கோச்சிங் குடுத்துச் சமாளிப்பன்" எண்ட கணக்கை இப்பவே வெட்டுங்கோ. படிச்சு முடிய நிண்டு வேலை தேடுற விசா ரெண்டு வருசமா இருந்தது, 2027 ஜனவரி 1இல இருந்து அதுக்கு விண்ணப்பிக்கிற ஆக்களுக்கு 18 மாதம்தான். எல்லாத்துக்கும் மேல ரூபாய். 2022இல டொலர் 200 ரூபாயில இருந்து ரெண்டு மாதத்துக்குள்ள 360ஐத் தாண்டினதை மறந்திருக்கமாட்டியள், அந்த நேரம் பாதிப் படிப்பில நிண்ட பிள்ளைகளின்ர தாய் தேப்பன்மார் நகைக்கடை வாசலில நிண்டதை நான் கண்டனான். ஃபீஸை இண்டைய விலையில போடாமல் கால்வாசி கூட்டிப் போட்டுப் பாருங்கோ, அப்பவும் தாங்குமெண்டால் போங்கோ.

கடதாசி வேலையில நேரம் தின்னுறது கம்பஸ் புள்ளிப் பத்திரம். பத்து வருசத்துக்கு முதல் முடிச்ச ஆக்களுக்குப் பதிவேட்டைத் தேடி எடுக்கவே நாளாகும், அதால அதுக்கு முதல் எழுதிக் குடுங்கோ, ஐஈஎல்ரிஎஸ் எண்ட இங்கிலிஸ் சோதினை பிறகு. ஐஈஎல்ரிஎஸ் ரெண்டு வருசத்துக்குத்தான் செல்லும், நான் அவசரப்பட்டு முதலே எழுதி வீணாக்கினனான். சிபாரிசுக் கடிதத்துக்குப் பழைய லெக்சரரிட்டப் போகேக்க வெறுங்கையோட போகாதேங்கோ, பழம் பிஸ்கெற்றைச் சொல்லேல்லை, நீங்கள் எழுதின அந்த நாலு பக்கத்தைக் கொண்டுபோங்கோ. அவருக்கு உங்கட முகமே ஞாபகம் இருக்காது, அதை வாசிச்சால்தான் எழுத ஏதும் இருக்கும்.

திரும்பப் படிக்கிற உடம்பைப் பற்றியும் ஒருக்காச் சொல்லோணும். முதல் மாதம் மூளை கறள் பிடிச்ச சைக்கிள் செயின் மாதிரித்தான். இருவத்திரண்டு வயசுப் பிள்ளைகள் லப்டொப்பில தட்டுற வேகத்தைப் பாத்துப் பயப்படாதேங்கோ, அவையளுக்குச் சம்பளப் பட்டியல் எண்டால் என்ன, ஓடிற் வந்தால் என்ன செய்யிறது எண்டு தெரியாது, உங்களுக்குத் தெரியும், குறூப் வேலையில அந்தப் பகுதியைப் பிடியுங்கோ. எக்செல் மட்டும் வடிவாப் பழகிக்கொண்டு போங்கோ. எனக்கு விடிய நாலரையில இருந்து ஆறு மணி வரைக்கும்தான் சரிவந்தது, பிள்ளை எழும்ப முதல், கோயில் மணி அடிக்க முதல். ராத்திரிப் படிக்கலாமெண்டு நினைச்சால் சம்பியன்ஸ் லீக் வரும், அதுவும் படிப்புத்தானே எண்டு உங்களுக்கு நீங்களே பொய் சொல்லுவியள்.

வேலை? உடன பெரிய கழகம் ஒண்டும் கூப்பிடாது. ஆனால் பக்கத்தில பாருங்கோ, 2023-2026 சுற்றில பீபா ஒவ்வொரு உறுப்பு நாட்டுச் சம்மேளனத்துக்கும் 8 மில்லியன் டொலர் வரை ஒதுக்கியிருக்கு, அதைத் திட்டமா எழுதி, செலவைக் கணக்குக் காட்ட ஆள் வேணும். கிரிக்கெற் எண்டாலும் பரவாயில்லை எண்டால் 2020இல இருந்து லங்கா பிறீமியர் லீக்கில யாழ்ப்பாணத்தின்ர பேரில ஒரு அணி இருக்கு, ஸ்பொன்சர் வேலை எல்லா விளையாட்டுக்கும் ஒரே வேலைதான். ஆட்டக்காரற்ற ஏஜென்ற் ஆக விருப்பமெண்டால் 2023இல இருந்து பீபா திரும்பப் பரீட்சை வைக்குது, 20 கேள்வி, ஒரு மணித்தியாலம், 75 வீதம் எடுக்கோணும், புத்தகத்தைப் பாத்தும் எழுதலாம் எண்டு கேட்டிட்டு லேசெண்டு நினைச்சுப் போன ஆக்கள்தான் கூட விழுந்தவை.

எனக்குப் பிடிச்ச வேலை வேற ஒண்டு, அதுக்கு டிகிரி முடியிறவரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு ஆட்டக்காரர் ஒப்பந்தக் காலத்துக்குள்ள நாடு விட்டு நாடு விலைப்பட்டால் அந்த விலையில 5 வீதம் அவரை 12 வயசில இருந்து 23 வயசு வரைக்கும் வளத்த கழகங்களுக்குப் பிரிஞ்சு போகோணும் எண்டது பீபா சட்டம். 12 தொடக்கம் 15 வரை ஒவ்வொரு வயசுக்கும் மொத்த விலையில 0.25 வீதம், 16இல இருந்து வருசத்துக்கு 0.5 வீதம். எங்கட ஊர்ப் பொடியன் ஒருத்தன் 12இல இருந்து 15 வரை எங்கட கழகத்தில பதிவில இருந்து, பிறகு எங்கயோ போய் 10 லட்சம் டொலருக்கு விலைப்பட்டான் எண்டு வைப்பம், கழகத்துக்கு 10,000 டொலர். கனடா மாமா நாலைஞ்சு வருசம் சேந்து அனுப்பினாலும் அவ்வளவு வராது. ஆனால் பதிவு இருக்கோணும், சம்மேளனத்தில முறையாப் பதிஞ்ச பதிவு. நான் எங்கட கழகத்தில சின்னப் பொடியளின்ர பதிவைக் கேட்டன், செயலாளர் அலுமாரியைத் திறந்து ஒரு பிளாஸ்ரிக் பையைத் தந்தார், உள்ளுக்க பதினொரு பாஸ்போட் சைஸ் ஃபோட்டோ, பின்பக்கம் ஒண்டிலயும் பேரில்லை. அண்டைக்குப் பின்னேரம் மைதானத்துக்குப் போய், பொடியளை வரிசையா இருத்தி, ஃபோட்டோவைக் காட்டிக் காட்டி "இது ஆரடா, எந்த வருசம் வந்தவன்" எண்டு கேட்டு எழுதத் தொடங்கினன். எட்டுப் பேரைக் கண்டுபிடிச்சாச்சு, மூண்டு பேர் இன்னும் மிச்சம்.